விலைக்கு வாங்கிய பெஞ்சுகள்: ட்ரெமே புனித அகுஸ்தினார் பங்கின் கதை

 

திருச்சபைக்குள் சாதி என்று தலைப்பு வைத்துவிட்டால், நாம் என்ன பேசப்போகிறோம் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். வடக்கன்குளத்து நடுச்சுவர், திருச்சிக் கல்லறைத் தோட்டத்துக்குள் எழுப்பிய சுவர், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை என்று வரிசையாக வரும். பேசிப் பேசி நமக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. மனப்பாடம் ஆன வலி கொஞ்சம் மரத்தும் போகும். அதனால் இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் வெகுதூரம் தள்ளி, அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பங்கின் கதையை எடுத்துக்கொண்டோம். புனித அகுஸ்தினார் கோவில். அது இருக்கும் பகுதிக்கு ட்ரெமே என்று பெயர். பேராலயம் அல்ல, திருத்தலமும் அல்ல. ஒரு தெருமுனையில் நிற்கும் சாதாரணப் பங்குக்கோவில்.

அவ்வளவு தூரம் என்று சொன்னோம், ஆனால் ஒரு காலத்தில் அந்த ஊருக்கும் நம் புதுச்சேரிக்கும் முதலாளி ஒருவரே. 1719இல் பிரெஞ்சு வணிகக் குழுமங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டபோது லூசியானாவும் புதுச்சேரியும் ஒரே இந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. 1731 வரை லூசியானா கம்பெனியிடமே இருந்தது. அங்கே 1724இல் 'கறுப்புச் சட்டம்' என்று ஒன்று போட்டார்கள். அடிமைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக்கூடாது என்று அது சொன்னது. ஆன்மாவைக் காப்பாற்றிவிட்டு உடம்பை உடைமையாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. இங்கே புதுச்சேரி சம்பாக் கோவிலுக்குள் பறையர்களைப் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். 1745 அக்டோபரில் பறையர்கள் பெரிய சாமியாரிடம் போய் நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் அதை எழுதியது நம் பக்கம் நின்று அல்ல. ஆனாலும் எழுதினார்.

இனி ட்ரெமேக்குப் போவோம். நகரின் பழைய பிரெஞ்சுப் பகுதிக்கு அடுத்தாற்போல, ராம்பார்ட் தெருவைத் தாண்டினால் ட்ரெமே. 1810இல் நகராட்சி அந்த நிலத்தை வாங்கி மனைகளாகப் பிரித்து விற்றது. வாங்கியவர்களில் கணிசமானோர் 'சுதந்திர நிற மக்கள்' என்று அழைக்கப்பட்டவர்கள். ஆப்பிரிக்க வழி வந்தவர்கள், கலப்புக் குடும்பத்தில் பிறந்தவர்கள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த காலத்தில் அடிமைகள் தம் விலையைத் தாமே செலுத்தி விடுதலை பெறும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. அப்படி வந்த கொத்தனார்கள், தச்சர்கள், தையல்காரர்கள், சுருட்டுத் தொழிலாளர்கள், செருப்புத் தைப்பவர்கள் ட்ரெமேயில் வீடு கட்டினார்கள். பக்கத்திலேயே காங்கோ சதுக்கம். ஞாயிறு பிற்பகல்களில் அடிமைகள் கூடிப் பறையடித்து ஆட அனுமதிக்கப்பட்ட திடல் அது. 1817இல் நகராட்சி, ஆட்டபாட்டம் எல்லாம் அந்த ஓரிடத்தோடு நிற்க வேண்டும் என்று விதி போட்டது. கட்டுப்படுத்தப் போட்ட விதிதான் அந்த இசையை ஓரிடத்தில் காப்பாற்றிக் கொடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. நம் பறைக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

ட்ரெமேயின் சுதந்திர நிற மக்கள் தங்களுக்கு ஒரு கோவில் வேண்டும் என்று ஆயர் அந்துவான் பிளானிடம் கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. உர்சுலைன் கன்னியர்கள் நிலம் கொடுத்தார்கள். புய்யி என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். 1842 அக்டோபர் 9 அன்று கோவில் மந்திரிக்கப்பட்டது. இதுவரை எந்தக் கோவிலின் பொன்விழா மலரிலும் கிடைக்கும் செய்திதான். கதை தொடங்குவது பெஞ்சுகளில்.

நம்மூர்ப் பழைய கோவில்களில் பெஞ்சு கிடையாது. தரையில்தான் உட்கார்ந்தோம். அதனால் பிரிக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்குச் சுவரோ, கிராதியோ, சிலுவை வடிவக் கோவிலின் ஒரு கையோ தேவைப்பட்டது. அங்கே பெஞ்சு. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கத்தோலிக்கக் கோவில்களில் பெஞ்சுகளை விலைக்கோ வாடகைக்கோ விடுவது வழக்கம். கோவிலை நடத்தும் வருமானமே அதுதான். ஒரு குடும்பம் பணம் கட்டினால் அந்தப் பெஞ்சு அந்தக் குடும்பத்துக்கு. யார் முன்னால், யார் பின்னால், யார் ஓரம் என்பதைப் பணப்பை தீர்மானிக்கும். பணம் இல்லாதவர்கள் பின்னால் நிற்பார்கள். அடிமையிடம் பணம் இருக்க வழியில்லை என்பதால், அடிமை எங்கே நிற்பார் என்று யாரும் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. நம்மூர்ச் சுவர் கண்ணுக்குத் தெரியும். இதில் சுவரே இல்லை, ரசீதுதான். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விலக்கிவைப்பதை ஒரு சந்தை விதி செய்துமுடித்துவிட்டால், விலக்கியவர் யார் என்று கைகாட்ட ஆள் கிடைக்காது.

கோவில் திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு சுதந்திர நிற மக்கள் தங்கள் குடும்பங்களுக்குப் பெஞ்சு வாங்கத் தொடங்கினார்கள். செய்தி வெள்ளையர் காதுக்குப் போனது. தாங்கள் சிறுபான்மையாகிவிடக்கூடாது என்று அவர்களும் போட்டி போட்டு வாங்கினார்கள். பங்கு மக்கள் இதைப் 'பெஞ்சுப் போர்' என்று பெயர் வைத்து வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வெள்ளையர் வாங்கிய ஒவ்வொரு பெஞ்சுக்கும் இவர்கள் மூன்று வாங்கினார்கள் என்பது அந்த நினைவின் கணக்கு. அதோடு நிற்கவில்லை. இரு பக்க ஓரங்களிலும் இருந்த பெஞ்சுகள் முழுவதையும் வாங்கி அடிமைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் ஒரு பாதி நிற மக்கள், மறு பாதி வெள்ளையரும் பிறரும், இரு ஓரங்களிலும் தமக்கென்று உரிமையான இருக்கையில் அடிமைகள். அன்றைய அமெரிக்காவில் இப்படி ஒரு சபை ஒரே கூரையின் கீழ் ஒரே பூசை கண்டது அபூர்வம்.

இந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது நமக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை படிக்கையில் ஒரு முள் குத்தியது. அடிமைகளுக்குக் கிடைத்தது ஓரம்தானே? வாங்கிக் கொடுத்தவர்கள் நடுவில் அமர்ந்தார்கள். இன்னும் ஒன்று: நியூ ஆர்லியன்ஸின் சுதந்திர நிற மக்களில் அடிமைகளை வைத்திருந்தவர்களும் உண்டு. உறவினரை விலைக்கு வாங்கி விடுவிப்பதற்காக வைத்திருந்தவர்களும் அதில் அடக்கம், வேலை வாங்க வைத்திருந்தவர்களும் அடக்கம். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று எதைச் சொன்னாரோ அது அந்தப் பெஞ்சு வரிசையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மேலே இருப்பவன் மட்டும் மிதிப்பதில்லை. நடுவில் இருப்பவனுக்கும் காலுக்குக் கீழே ஒரு ஆள் கிடைக்கிறான். நம் சேரிகளுக்கு உள்ளேயும் இந்த வரிசை உண்டு என்பதை இந்த மன்றத்தில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் முள் குத்துகிறது என்பதற்காக அந்தப் பெஞ்சைத் தூக்கி எறியவும் முடியவில்லை. சட்டத்தின் கண்ணில் பொருளாக இருந்த ஒரு மனிதர், வாரத்தில் ஒரு மணி நேரம், எழுந்திரு என்று யாரும் சொல்ல முடியாத ஓர் இடத்தில் அமர்ந்தார். எங்கள் ஊர்க் கோவிலில் எங்கள் பாட்டிகள் அப்படி உட்கார்ந்ததில்லை. இடது கையின் கடைசியில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பூசை கண்டார்கள். பீடம் தெரியாது. மணிச் சத்தம் கேட்டு முழந்தாள் போடுவார்கள்.

அதே 1842இல், நவம்பர் 21 அன்று, இரண்டு பெண்கள் இந்தக் கோவிலின் பீடத்துக்கு முன் முழந்தாள் போட்டுத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள் என்று பங்கு வரலாறு சொல்கிறது. ஒருவர் ஹென்ரியெட் டெலீல், மற்றவர் ஜூலியட் கோதென். டெலீல் சுதந்திர நிறப் பெண். அந்த வகைப் பெண்களுக்கு அன்று ஊர் போட்டு வைத்திருந்த பாதை, பணக்கார வெள்ளை ஆண் ஒருவனுக்குத் தாலி இல்லாத துணையாக இருப்பது. அதற்கு ஒரு பெயரும் ஒப்பந்தமும் சமூக மரியாதையும்கூட இருந்தன. டெலீல் அந்தப் பாதையை மறுத்தார். வெள்ளைக் கன்னியர் மடங்கள் கறுப்புப் பெண்களை ஏற்காத காலத்தில், தோழியரைச் சேர்த்துக்கொண்டு திருக்குடும்பச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். முதியோரைப் பராமரித்தார்கள், அனாதைப் பிள்ளைகளை வளர்த்தார்கள், அடிமைகளுக்கு ஞான உபதேசம் சொன்னார்கள். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை 1830ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றமாக்கியிருந்த மாநிலம் அது. ஆகவே வாய்ப்பாடமாகத்தான் சொல்லிக்கொடுக்க முடிந்தது. கன்னியருக்கு உரிய உடையைப் பகிரங்கமாக அணியும் உரிமை டெலீலின் ஆயுளுக்குள் கிடைக்கவில்லை. 1862இல் இறந்தார். 2010இல் உரோமை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. இன்று கோவிலின் பக்கவாட்டுத் தெருவுக்கு அவர் பெயர்.

இதே கோவிலில் 1888இல் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை செருப்புத் தைக்கும் தொழிலாளி. பெயர் ஹோமர் பிளெசி. சட்டம் படிக்கும் மாணவர்கள் இப்போது நிமிர்ந்து உட்காருவீர்கள். உள்நாட்டுப் போரில் அடிமைமுறை ஒழிந்து, மறுகட்டமைப்புக் காலமும் முடிந்து, வெள்ளை ஆதிக்கம் சட்டப்புத்தகம் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. 1890இல் லூசியானா, ரயிலில் வெள்ளையருக்கும் நிற மக்களுக்கும் தனித்தனிப் பெட்டி என்று சட்டம் போட்டது. அதை எதிர்க்க 1891இல் 'குடிமக்கள் குழு' உருவானது. பத்திரிகையாளர்கள், வணிகர்கள், தொழிலாளர்கள் அதில் இருந்தார்கள். 1892 ஜூன் 7 அன்று பிளெசி முதல் வகுப்பு டிக்கெட் எடுத்து வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். கைதாக வேண்டும் என்று திட்டமிட்டே ஏறினார். பார்வைக்கு வெள்ளையர் போலவே இருந்தவர். எட்டில் ஒரு பங்கு ஆப்பிரிக்க இரத்தம் என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1896 மே 18இல் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. 'பிரிந்திருக்கலாம், சமமாக இருந்தால் போதும்' என்ற கோட்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு நாட்டையே இரண்டாக வகுத்தது அந்தத் தீர்ப்பின் பெயரால்தான். மறுத்து எழுதிய ஒரே நீதிபதி ஹார்லன், இந்த நாட்டில் சாதி கிடையாது என்று எழுதினார். ஆம், 'சாதி' என்ற சொல்லையே பயன்படுத்தினார். பிளெசி இருபத்தைந்து டாலர் அபராதம் கட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார். 2022 ஜனவரி 5 அன்று லூசியானா ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். யார் யாரை மன்னிப்பது என்பது வேறு கேள்வி.

வெள்ளையர் பெட்டியில் உட்கார உரிமை கேட்ட மனிதர், தன் சனங்கள் பெஞ்சு வாங்கி உட்கார்ந்த கோவிலில் கல்யாணம் செய்தவர். இதற்கும் அதற்கும் நேர்க்கோடு போட நம்மிடம் ஆதாரம் இல்லை. போட ஆசை மட்டும் இருக்கிறது.

ரயிலுக்குப் பிறகு கோவிலுக்கும் தனிப்பெட்டி வந்தது. 1895இல் பேராயர் ஜான்சன்ஸ் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பருக்கென்று தனியாகப் புனித கத்தரீனம்மாள் பங்கைத் திறந்தார். நல்லெண்ணத்தில்தான் என்றார்கள். தனிக் கோவில் இருந்தால் பின்வரிசை அவமானம் இராது, சொந்தப் பாடகர் குழு, சொந்தச் சங்கங்கள், சொந்தப் பள்ளி. குடிமக்கள் குழுவினர் கடுமையாக எதிர்த்தார்கள். இறைவனின் வீட்டிலேயே கோடு கிழித்துவிட்டால் ரயில் பெட்டிக்கு எப்படி வாதாடுவது என்பது அவர்கள் நிலை. இது நமக்குப் புதிய விவாதமே அல்ல. 'நமக்கென்று தனிக் கோவில் கட்டிக்கொண்டு கௌரவமாகக் கும்பிட்டுவிட்டுப் போவோமே' என்று நம் தெருக்களில் ஒரு தரப்பு பேசும். 'அந்தப் பெரிய கோவிலைக் கட்ட மண் சுமந்தது நம் பாட்டன், அதை ஏன் விட வேண்டும்' என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, இரண்டு தரப்பையும் நாம் மாறி மாறி ஆதரித்திருக்கிறோம். நியூ ஆர்லியன்ஸில் தனிப்பங்குகள் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், 1953இல், பேராயர் ரம்மல் கோவில்களில் இருக்கைப் பிரிவினையை நிறுத்தச் சொல்லி மடல் எழுதினார். 1962இல் கத்தோலிக்கப் பள்ளிகளில் பிரிவினையை ஒழித்தபோது எதிர்த்துக் கிளர்ச்சி செய்த மூன்று வெள்ளையரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். சாதிக்காகக் கலகம் செய்தவரை நம் ஆயர்கள் யாராவது இப்படி விலக்கியதுண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுவிட்டு நகர்கிறோம்.

1960களில் ட்ரெமேயைத் தாக்கியது திருச்சபை அல்ல, நகரத் திட்டம். கிளேபோர்ன் நிழற்சாலையின் ஓக் மரங்களை வெட்டிவிட்டு அதன் தலைக்கு மேல் நெடுஞ்சாலை மேம்பாலம் கட்டினார்கள். கறுப்பர் கடைவீதி அழிந்தது. இன்னொரு பக்கம் கலாச்சார வளாகம் கட்டுவதற்காகத் தெருத்தெருவாக வீடுகள் இடிக்கப்பட்டன. சென்னையில் கரையோரக் குடிகளைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியதைக் கண்ட நமக்கு விளக்கம் தேவையில்லை. வீடு போனால் பங்கும் மெலியும். ஞாயிறு காலை எண்ணிக்கை குறையும், காணிக்கைத் தட்டு லேசாகும்.

1990இல் ஜெரோம் லெடூ என்ற கறுப்பினக் குரு பங்குத்தந்தையாக வந்தார். இறைவார்த்தைச் சபையைச் சேர்ந்தவர். காலணி இல்லாமல் ஆப்பிரிக்க மேலங்கியோடு பூசை வைப்பார். ஜாஸ் இசை திருப்பலிக்குள் வந்தது. 2004 அக்டோபர் 30 அன்று கோவிலின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு நினைவுச் சின்னம் மந்திரிக்கப்பட்டது: பெயர் தெரியாத அடிமையின் கல்லறை. கப்பல் சங்கிலியால் ஆன பெரிய சிலுவை ஒன்று சாய்ந்து கிடக்கிறது. அதில் விலங்குகள் தொங்குகின்றன, சுற்றிலும் சிறு சிலுவைகள். குறிப்பிட்ட ஒருவருக்கான கல்லறை அல்ல அது. போர்வீரனுக்குத்தான் பெயர் தெரியாதவன் கல்லறை எழுப்புவார்கள். இவர்கள் அதை வேலை செய்து செத்தவர்களுக்கு எழுப்பினார்கள்.

2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். கோவில் ஓரளவு சேதத்தோடு தப்பியது. ஆனால் மக்கள் நாட்டின் பல மூலைகளுக்கும் சிதறிப்போனார்கள். 2006 பிப்ரவரியில் உயர்மறைமாவட்டம் மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது: புனித அகுஸ்தினார் பங்கு கலைக்கப்பட்டுப் பக்கத்துப் பங்கோடு சேர்க்கப்படும். காரணம், ஆட்கள் குறைவு, பற்றாக்குறை.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். கோவில் வேறு, பங்கு வேறு. கோவில் என்பது கட்டடம். பங்கு என்பது திருச்சபைச் சட்டத்தின்படி ஒரு சட்ட ஆள். அதற்குச் சொந்தக் கணக்கு, சொந்தப் பங்குத்தந்தை, சொந்தப் பதிவேடுகள் உண்டு. சட்டத் தொகுப்பின் 515ஆம் விதிப்படி பங்கை நிறுவவும் மாற்றவும் கலைக்கவும் அதிகாரம் ஆயர் ஒருவருக்கே. அதற்கு முன் அவர் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். பங்கு மக்களைக் கேட்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. அதனால்தான், கோவிலைப் பூட்டவில்லையே, ஞாயிறு பூசை நடக்குமே என்று சமாதானம் சொல்ல முடிந்தது. பூசை இருக்கும், பங்கு இருக்காது. பெஞ்சை விலைக்கு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்னொரு பங்கின் விருந்தாளிகளாக அதே பெஞ்சில் உட்காரலாம். எண்ணிக்கை எடுத்த நேரத்தையும் கவனியுங்கள். வீடிழந்து ஹூஸ்டனில் கிடப்பவனை எண்ணாமல் விட்டுவிட்டு, இங்கே ஆளில்லை என்றால் எப்படி?

மார்ச் 20 அன்று போராட்டக்காரர்கள் பங்குத்தந்தை இல்லத்துக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். எல்லாரும் பங்கு மக்கள் அல்ல. புயல் நிவாரணத்துக்கு வந்த வெளியூர் இளைஞர்களும் இருந்தார்கள். அதை வைத்தே போராட்டத்தை மட்டம் தட்டவும் செய்தார்கள். எந்த ஊரிலும் அந்த உத்தி ஒன்றுதான். 26ஆம் தேதி புதிய பங்குத்தந்தை பூசை வைக்க வந்தபோது எழுந்த எதிர்ப்பில் பூசை பாதியில் நின்றது. பூசையை நிறுத்தியது சரியா என்று பங்குக்குள்ளேயே கருத்து பிளந்தது, நமக்கும் அதில் தெளிவான விடை இல்லை. ஏப்ரல் 8இல் பேராயர் ஹியூஸ் ஒப்பந்தத்துக்கு வந்தார். மறுநாள் குருத்து ஞாயிறு, கோவில் திறந்தது. பங்கு நீடிக்கும், ஆனால் பதினெட்டு மாதம் சோதனைக் காலம், ஆளும் பணமும் பெருக்கிக் காட்ட வேண்டும். லெடூ திரும்பி வரவில்லை. டெக்சாஸில் ஒரு பங்குக்கு மாற்றப்பட்டு, 2019இல் காலமானார். பங்கைக் காப்பாற்றிய போராட்டத்தின் விலை அந்த மனிதர். 2009இல் நிபந்தனைகள் நிறைவேறின என்று உயர்மறைமாவட்டம் ஒப்புக்கொண்டது.

2021 ஆகஸ்ட் 29, அதே தேதியில், ஐடா புயல். இம்முறை கட்டடத்துக்கு அடி பலம். பூசை பங்கு மண்டபத்துக்கு மாறியது. கட்டடம் சேதப்பட்டது, பங்கு கலையவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறோம். நியூ ஆர்லியன்ஸில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் வெள்ளையருக்கு ஒன்று, அடிமைகளுக்கும் நிற மக்களுக்கும் ஒன்று என்று தனித்தனியாக எழுதப்பட்டன. அவமானப்படுத்த எழுதிய அந்த இரண்டாம் ஏட்டைப் புரட்டித்தான் இன்று பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டிமாரின் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பதிவேட்டிலும் பெயருக்குப் பக்கத்தில் சாதி எழுதியிருக்கிறது. சென்ற ஆண்டு பார்க்கக் கேட்டபோது, பழையது எல்லாம் கரையான் அரித்துவிட்டது என்றார்கள். பாதிதான் அரித்திருந்தது. மீதியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தோம். உங்கள் பங்குகளில் எது மிஞ்சியிருக்கிறது என்று இந்த விடுமுறையில் போய்ப் பாருங்கள்.